எஞ்சின் இல்லாத ஏரோப்பிளேன்

இந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை இருக்கும் வீட்டுக்காரர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. கைபேசி எந்நேரமும் சூடாகவே இருக்கும். பெற்றோர் குழுவில் ஒருவர் கம்ப்யூட்டர்தான் என்பார், மறுநிமிடமே இன்னொருவர் அதற்கெல்லாம் இனி வேலையே இல்லை என்பார். சொந்தக்காரர் ஒருவர் தானாகக் கூப்பிட்டு, நாம் கேட்காமலே, தன் மகன் எங்கே சேர்ந்தான் என்று சொல்லிவிட்டு வைப்பார். சோறு ஆறிப்போகும். புதிதாக எதையும் தெரிந்துகொள்ளத் தெம்பில்லாத வயதில்தான் எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது நமக்கு.

என் மகளுக்கு ஏரோஸ்பேஸ் படிக்க வேண்டும். நேராக அதையே எடுப்பதா, முதலில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு மேல்படிப்பில் அந்தப் பக்கம் போவதா என்று வீட்டில் ஓயாத பேச்சு.

"மெக்கானிக்கல்னா நாலு பக்கம் போலாம்னு சொல்றாங்க."

"யாரும்மா சொல்றாங்க?"

யார் என்று எனக்கும் தெரியாது. எல்லோரும்தான் சொல்கிறார்கள்.

போன வாரம் அவளை அழைத்துக்கொண்டு கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரிக்குப் போய் வந்தேன். அன்றிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அங்கே நடந்தது பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அது ஏன் என்னை இப்படி ஆட்டிவிட்டது என்று சொல்ல வேண்டுமானால், எனக்குப் பன்னிரண்டு வயதில் வந்த காற்றுக்காலம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீடு வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில், எல்லையை ஒட்டிய கேரளப் பக்கம். அப்பா மாட்டுத் தரகர். பள்ளிக்கூடம் இல்லாத சந்தை நாட்களில் அவருடைய சோற்றுப் போசியைத் தூக்கிக்கொண்டு நான் கூடப் போவேன். சாணமும் வைக்கோலும் சாயாக்கடைப் புகையும் கலந்த அந்த வாசம் வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் பாவாடையில் இருக்கும். செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் இருந்து வருகிறவர்கள், இந்தப் பக்கம் வாங்க வருகிறவர்கள், நடுவில் தோளில் துண்டோடு அப்பா.

சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டைக் கையின் மேல் போட்டு, அதற்குள் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துப் பேசிக்கொள்வார்கள். சுற்றி எத்தனை பேர் நின்றாலும் விலை அந்த இரண்டு கைகளுக்கு மட்டுமே தெரியும். மேலே முகம் எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும். துண்டுக்கடியில் மட்டும் ஏதோ உயிருள்ளது நெளிவது போல அசைவு. எனக்கு அதைப் பார்க்க அவ்வளவு பிடிக்கும்.

இன்னொன்றும் அங்கே கற்றேன். பிடித்த மாட்டை அப்பா வைவார். "இதுக்கு நெஞ்செலும்பு எண்ணலாமாட்ட இருக்குது, இத ஓட்டீட்டுப் போனா ஊட்டுல சிரிப்பாங்க" என்பார். வேண்டாத மாட்டைத்தான் தட்டிக்கொடுத்து, "லச்சணமா இருக்குதுங்க" என்பார். எந்த மாட்டை அவர் அதிகமாகத் திட்டுகிறாரோ அதுதான் அன்று பொழுதோடு கைமாறும் என்று எனக்குத் தெரியும்.

விலை படியவில்லை என்றால் நடை. துண்டை ஒரு உதறு உதறி, இடது தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் மெதுவாக நடப்பார். சந்தையின் கிழக்கு ஓரத்தில் ஒரு புளியமரம். அதை அடைவதற்குள் விற்கிறவர் கூப்பிட்டுவிடுவார். முதல் கூப்பாட்டுக்குத் திரும்பக் கூடாது, காது கேளாதது போலப் போக வேண்டும். இரண்டாவது கூப்பாட்டுக்குத்தான், ஏதோ தொந்தரவு செய்துவிட்டார்கள் என்பது போலத் திரும்ப வேண்டும். யாரும் கூப்பிடாமல் தானாகத் திரும்பி வந்த தரகனை மறுவாரம் சந்தையில் ஒருவரும் மதிக்கமாட்டார்கள். அப்பா புளியமரத்தைத் தாண்டிப் போய் நான் பார்த்ததேயில்லை.

அக்கா சந்தைக்கு வந்ததில்லை. பெரிய பெண் என்பது ஒரு காரணம், அந்த வாசம் அவளுக்கு ஆகாது என்பது இன்னொரு காரணம். அவளுடைய கண்ணெல்லாம் மேலே. கிழக்கே விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்புகிற விமானங்கள் சில நாள் எங்கள் பனைமரங்களுக்கு மேலேயே வந்து திரும்பும். கோழிகள் சிதறி ஓடும், சமையல்கட்டில் ஏனங்கள் கிணுகிணுக்கும். நாங்கள் எல்லோரும் சத்தம் வரும் பக்கம் பார்ப்போம். அக்கா மட்டும் அதற்கு வெகுதூரம் முன்னால் பார்ப்பாள். அங்கேதான் விமானம் இருக்கும்.

அந்த வருடம் அவள் பிரீ டிகிரி, இங்கத்திய பன்னிரண்டாம் வகுப்பு போல, முடித்திருந்தாள். கணக்கு, இயற்பியல் எல்லாம் சேர்ந்த முதல் குரூப். நல்ல மதிப்பெண். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தொடங்கியிருந்தது. எங்கள் பக்கம் அந்தக் காற்று நாள் முழுவதும் அடிக்கும், கொடியில் போட்ட துணியைப் பக்கத்துக் காட்டில்தான் போய் எடுக்க வேண்டும். அம்மாவின் சேலைப் பெட்டி ஒன்றை வெட்டி, அக்கா அட்டையில் ஓர் இறக்கை செய்தாள். மேல்பக்கம் வளைவு, அடிப்பக்கம் தட்டை. இரண்டு நூல்களில் கட்டி, நிலக்கடலை காயப்போடும் களத்தில் நின்று காற்றுக்கு எதிரே பிடித்தாள். அது எழும்பியது.

"நீ புடி," என்று நூலை என்னிடம் கொடுத்தாள். விரலை எதுவோ மேலே இழுத்தது. பட்டம் இழுப்பது போல வெட்டி வெட்டி இல்லை. நிதானமாக, விடாமல்.

"சீலப் பொட்டிய வெட்டிப் போட்டாளே, இனி சீலைய எங்க வெக்கறது?" என்று அம்மா வாசலில் நின்று சத்தம் போட்டாள். அக்கா காதில் வாங்கவில்லை. அந்த அட்டை இறக்கை அட்டாலிப் பரணில் வெகுநாள் கிடந்தது. வீடு ஓடு மாற்றியபோது எங்கே போனது என்று தெரியவில்லை.

கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு புதுக் கல்லூரியில் ஏரோநாட்டிக்கல் எஞ்சினியரிங் தொடங்கியிருக்கிறார்கள் என்று அவளுடைய ஆசிரியர் சொல்லியிருந்தார். ஒரு நாள் அப்பா சாப்பிடும்போது அக்கா அதைச் சொன்னாள்.

"ஏரோப்பிளேன் ஓட்டற படிப்பா?" என்றார் அப்பா.

"ஓட்டறதில்லீங்ப்பா. செய்யறது."

"ஓட்டறதுக்கு ஒரு படிப்பு, செய்யறதுக்கு ஒரு படிப்பா?" என்று கேட்டுவிட்டு ரசத்துக்குச் சோற்றைப் பிசைந்தார். "போய்ப் பாக்கலாம்."

அன்று முழுவதும் அவர் சாயாக்கடையில் உட்கார்ந்து அந்தப் படிப்பைத் திட்டிக்கொண்டிருந்தார் என்று அம்மாவுக்குச் செய்தி வந்தது. ஆகாசத்தில் போகிறதை நம்பி யாராவது பெண்ணைப் படிக்க வைப்பார்களா என்று கேட்டாராம். அம்மா அக்காவை நினைத்துக் கவலைப்பட்டாள். நான் கவலைப்படவில்லை. அப்பா திட்டினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

அப்பா, அக்கா, நான் மூன்று பேரும் பேருந்தில் போனோம். அக்கா ஜன்னலோரம். சாலை நேரானதும் கையை வெளியே நீட்டி, உள்ளங்கையைச் சற்றுச் சாய்த்தாள். கை தானாக மேலே ஏறியது. இன்னும் சாய்த்தாள், பின்னுக்குத் தள்ளியது. வழி நெடுக அதையே செய்துகொண்டு வந்தாள். முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று கேட்டால், இருந்தது என்றுதான் நினைவு. கண்டக்டர் கையை உள்ளே வைக்கச் சொன்னபோது கூட அந்தச் சிரிப்பு போகவில்லை.

கல்லூரியில் கட்டடம் பாதிதான் எழும்பியிருந்தது. முன்னால், சரளைக்கல் பரப்பின் நடுவே, ஒரு பழைய சின்ன விமானத்தை நிறுத்தி வெள்ளையடித்திருந்தார்கள். அக்கா அதனருகில் போய் நின்றாள், தொடவில்லை. அப்பா சுற்றி வந்தார். சக்கரத்தைக் காலால் அழுத்தினார், வயிற்றில் தட்டிப் பார்த்தார், மூக்கின் பக்கம் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். பல்லைப் பிடித்துப் பார்க்காத குறைதான்.

அலுவலகத்தில் சேர்க்கை பார்க்கிற ஆள் டை கட்டியிருந்தார். மேசை விசிறி அவர் டையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அக்காவின் மதிப்பெண்களைப் பார்த்து நன்றாகப் பேசினார். கேரளத்தில் படித்த பிள்ளை என்பதால் நிர்வாக ஒதுக்கீட்டில்தான் தர முடியும், இடம் இருக்கிறது என்றார்.

அப்பா தோளிலிருந்து துண்டை எடுத்தார். வலது கையின் மேல் விரித்து, மேசைக்கு மேலே நீட்டினார். அந்த ஆளுக்குப் புரியவில்லை. துண்டோடு சேர்த்துக் கையைப் பிடித்துக் குலுக்கி, "சந்தோஷங்க" என்றார். பிறகு அந்த இடத்துக்கு என்ன தொகை என்று அவரே சத்தமாகச் சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். தன் அப்பா நாலு பேர் முன்னால் மாட்டுத் தரகு வேலையைக் காட்டியது அவளுக்கு அவமானம். இன்று ஒரு பெண்ணுக்கு அம்மாவாக யோசித்தால் வேறொன்று தெரிகிறது. தன் மகளுக்கு என்ன விலை என்பது அவள் காதில் விழ வேண்டாம் என்று அவர் நினைத்திருக்கிறார். அவருக்குத் தெரிந்த மரியாதை அந்தத் துண்டுதான்.

அதன் பிறகு அப்பா தொடங்கினார்.

"கட்டடமே பாதிதானுங்க நிக்குது. லேபு எங்கீங்க? முன்னால ஒரு ஏரோப்பிளேன நிறுத்தியிருக்கறீங்க, அதுல எஞ்சினே இல்ல."

"அது டிஸ்ப்ளேவுக்கு சார்."

"எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க. எங்க பக்கத்துச் சித்தூருல பி.எஸ்சி. சேத்தறதாத்தான் இருக்கறோம். ரெண்டு வருசம் போனா கட்டிக் குடுக்கற புள்ள. அதுக்கு எதுக்குங்க ஏரோப்பிளேனு? புள்ள ஆசப்பட்டுதேன்னு சும்மா பாக்க வந்தோம்."

அந்த ஆள் நல்ல மனிதர். அப்பா சொன்னதை அப்படியே நம்பினார். "நீங்க சொல்றதும் சரிதான் சார். பி.எஸ்சி.யே சேர்த்துங்க, பக்கத்துலயும் ஆச்சு," என்று மதிப்பெண் பட்டியலைத் திருப்பிக் கொடுத்தார்.

அப்பா எழுந்தார். துண்டை உதறினார். இடது தோளில் போட்டார்.

எனக்கு உயிர் வந்தது. வெளியே வந்ததும் அக்காவின் கையைப் பிடித்து இழுத்து, "அக்கா, அப்பா சந்த நட நடக்கறாரு. இப்பக் கூப்புடுவாங்க பாரு" என்றேன்.

"அது மாடு," என்றாள் அக்கா. "இது காலேஜு."

சரளைக்கல்லில் அப்பா அவ்வளவு மெதுவாக நடந்து நான் பார்த்ததில்லை. வாசல் கேட் தூரத்தில் இருந்தது. விமானத்தருகில் நின்றார். மறுபடி அதன் வயிற்றில் தட்டினார். காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார் என்று அவர் முதுகைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்தது. காற்று மட்டும்தான் அடித்தது.

மறுபடி நடந்தோம். கேட்டுக்குப் பக்கத்தில் போனபோது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "ஏனுங்க."

அப்பா திரும்பவில்லை. நடை கூட மாறவில்லை. நான் அக்காவின் கையைக் கிள்ளினேன்.

"ஏனுங்க, உங்களத்தானுங்க."

அப்பா நின்று, முகத்தைச் சுளித்துக்கொண்டு, நிதானமாகத் திரும்பினார். பியூன் மூச்சு வாங்க ஓடி வந்து, எங்கள் குடையை நீட்டினார். "மேசைக்கடியில விட்டுட்டு வந்துட்டீங்க."

அப்பா குடையை வாங்கிக்கொண்டார். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டைத் தாண்டினோம். திரும்பி வரும்போதும் அக்காவுக்கு ஜன்னலோரம்தான் கிடைத்தது. கை மடியிலேயே இருந்தது.

அடுத்து வந்த நாட்கள்தான் எனக்கு இன்றும் தாங்கவில்லை. சந்தையில் பேரம் முறிந்தால், விற்கிறவர் மறுநாளோ அதற்கு மறுநாளோ வீடு தேடி வருவது உண்டு. அப்பா காத்திருந்தார். கூடுதலாகப் பால் வாங்கி வைக்கச் சொன்னார். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு நல்ல நாற்காலி வந்தது. தினமும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பேருந்து வரும் நேரத்தில் வாசலுக்கும் சாலைக்குமாக நடந்தார்.

"ஏனுங்க, யாராச்சும் வர்றாங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"வருவாங்க. நல்ல உருப்படின்னா தேடித்தான் வரோணும்."

நாற்காலி, பால், சலவைச் சட்டை எல்லாவற்றையும் அக்கா பார்த்தாள். ரெண்டு வருசம் போனால் கட்டிக்கொடுக்கிற பிள்ளை என்று சொன்னதையும் கேட்டிருந்தாள். தன்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று முடிவு செய்துகொண்டாள். யாரிடமும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அப்பாவிடம் எதையும் நேராகக் கேட்கிற பழக்கமும் இல்லை. களத்துப் பக்கம் போவதையும் விட்டுவிட்டாள்.

ஒருவரும் வரவில்லை. நாற்காலி பக்கத்து வீட்டுக்குத் திரும்பிப் போனது. பிறகு ஒரு நாள் அப்பா சலவைச் சட்டையோடு தனியாக எங்கேயோ போய்விட்டுப் பொழுதோடு வந்தார். துண்டை மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தார். வந்ததும் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"அந்தக் காலேஜு சரியில்ல," என்றார், பொதுவாக, சுவரைப் பார்த்து. "ஏரோப்பிளேன்ல எஞ்சினே இல்லாம என்ன சொல்லிக் குடுக்கப் போறாங்க?"

மறுநாள் அக்கா சித்தூர் பி.எஸ்சி. விண்ணப்பத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். அவர் கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான். எஞ்சின் இல்லாத ஏரோப்பிளேன் கதை எங்கள் சொந்தத்தில் வெகுகாலம் சிரிப்புக்கு ஓடியது. பெண்ணைப் படிக்க வைக்க மனமில்லாத தரகர் என்றும் சிலர் சொன்னார்கள்.

அப்பா காலமான பிறகுதான் அம்மா எங்கள் இருவரிடமும் சொன்னாள். அன்று அவர் அந்தக் கல்லூரிக்குத்தான் போயிருக்கிறார். தானாகத் திரும்பிப் போயிருக்கிறார். கேட்ட தொகையைக் கொடுக்கிறேன் என்று நின்றிருக்கிறார். இடம் முடிந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். அம்மாவிடம் கூட வெகுநாள் கழித்துத்தான் சொன்னாராம். கேட்டுவிட்டு அக்கா எழுந்து போய் அம்மாவின் சேலைகளை மடித்து வைத்தாள். எல்லாம் ஏற்கெனவே மடித்திருந்தவைதான்.

அக்கா இப்போது பொள்ளாச்சியில் கணக்கு ஆசிரியை. நன்றாக இருக்கிறாள். என் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது அவள்தான். ஆனால் எந்தப் படிப்பு எடுக்க வேண்டும் என்று மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. போன வாரம் என் கணவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை என்றதும், "நான் வர்றேன்" என்று முதல் பேருந்தில் வந்துவிட்டாள்.

இது வேறு கல்லூரி. ஆனால் இங்கேயும் முன்னால் ஒரு பழைய விமானம். பிள்ளைகள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா அதைப் பார்த்தும் பார்க்காதது போல உள்ளே போனாள்.

சேர்க்கை மேசையில் ஓர் இளம்பெண். மெக்கானிக்கலில் சில இடங்களே இருக்கின்றன, ஏரோஸ்பேஸில் இருக்கிறது என்றாள். எது வேண்டும் என்று நாங்கள் இன்றைக்கே சொன்னால் நல்லது என்றாள். மகள் என்னைப் பார்த்தாள். எத்தனையோ இரவுகள் இதைப் பற்றியே படித்துப் படித்து, மனதுக்குள் நான் எப்போதோ ஏரோஸ்பேஸுக்குச் சம்மதித்திருந்தேன். அதைச் சொன்னால் போதும். அவ்வளவுதான் வேலை.

என் வாய் வேறொன்றைச் சொன்னது.

"ஏரோஸ்பேஸ் படிச்சுட்டு எங்கீங்க போறது? வேலையே இல்லைங்கறாங்க. உங்க லேப்ல என்ன இருக்குதுன்னும் தெரியல. எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க, வேற ரெண்டு எடம் பாத்து வெச்சிருக்கறோம்."

வேறு இடம் எதுவும் பார்த்து வைக்கவில்லை. கட்டணத்தில் ஏதாவது குறைப்பார்களா என்பதற்காகச் சொன்னேனா, பயத்தில் சொன்னேனா, இன்னும் எனக்கே தெரியவில்லை. "சரிங்க மேடம், யோசிச்சுட்டே வாங்க," என்று அந்தப் பெண் மரியாதையாகக் காகிதங்களைத் திருப்பி அடுக்கினாள். நான் பையை எடுத்து இடது தோளில் மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

"நட, கண்ணு."

மகள் எழவில்லை. அவள் தலை மெல்லக் குனிந்தது. அந்தக் குனிவை நான் இதற்கு முன் பார்த்திருக்கிறேன். டையை விசிறி தூக்கித் தூக்கிப் போட்ட அந்த அறையில்.

அக்காவும் எழவில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். "நீ வேணும்னா போயி அந்த ஏரோப்பிளேன ஒருக்கா பாத்துட்டு வா," என்றாள் என்னிடம், குரலை உயர்த்தாமல். "நானும் புள்ளையும் இங்கயேதான் உக்காந்திருப்போம்." பிறகு மகளிடம் திரும்பி, "உங்கம்மா எங்கப்பாவாட்டவே நடப்பா, பாரு," என்றாள்.

வெளியே வந்தேன். வெயில். கால்கள் தாமாகவே விமானத்தருகில் போய் நின்றன. தகரம் கை வைக்க முடியாமல் சுட்டது. இருந்தாலும் தட்டினேன். குனிந்து உள்ளே பார்த்தேன். எஞ்சின் இல்லை. யாரோ போட்ட தண்ணீர் பாட்டில் ஒன்று கிடந்தது.

நேராக ஏரோஸ்பேஸ் எடுப்பது சரியா, நாலு வருடம் கழித்து அவளுக்கு வேலை இருக்குமா, எதுவும் எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள், ஆனால் இப்போது வேண்டாம். அன்று அந்த வெயிலில் நின்றபோது எனக்கு ஒன்றே ஒன்றுதான் பயம். யாரும் கூப்பிடாவிட்டால் நானும் கேட்டைத் தாண்டிப் போய்விடுவேனோ என்று. திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை. கழுத்துக்கு அந்தப் பழக்கமே இல்லை.

"அம்மா."

படிக்கட்டிலிருந்து மகளின் குரல்.

முதல் கூப்பாட்டுக்குத் திரும்பக் கூடாது. நான் திரும்பிவிட்டேன்.